ஆறாத கால்புண்ணும் சீனத்துக் கஷாயமும்

டீயை ஊற்றிக்கொண்டு நிதானமாக உட்காருங்கள். அவசரமாகப் பேசக்கூடிய விஷயம் இல்லை இது. சர்க்கரை நோயால் காலில் வந்த புண் மாதக்கணக்கில் ஆறாமல் இழுக்கும்போது வீட்டில் யாராவது ஒருவர் கேட்டே தீருவார்: "சீன வைத்தியத்தில் இதற்கு மருந்து இருக்கிறதாமே, பார்த்தால் என்ன?" சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் நம் குடும்பங்களுக்குச் சீன மருந்துக் கடை நடந்துபோகிற தூரத்தில் இருக்கிறது. இங்கே இருப்பவர்களுக்கு அது வாட்ஸப் வழியாகவோ, ஊருக்கு வரும் உறவினர் பெட்டியில் ஒரு களிம்பு டப்பாவாகவோ வந்து சேர்கிறது. கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்ன பிறகு எந்தப் பிள்ளைதான் சும்மா இருக்கும்?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீன மருத்துவத்தில் இந்தப் புண்ணுக்கு மருந்துகள் இருக்கின்றன. அவற்றில் சில உண்மையான ஆராய்ச்சிக்குத் தகுந்தவை. ஒன்றிரண்டு ஓரளவு தேறியும் வந்திருக்கின்றன. ஆனால் அவை எல்லாமே துணைக்கு வருபவை. முதலில் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் துணையை மட்டும் பிடித்துக்கொண்டால் கால் போகும். சில நேரம் ஆளே போய்விடுவார். ஏன் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

புண் எப்படி வருகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். ரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் கூடுதலாகவே இருந்தால் உடம்பின் மிக நீளமான நரம்புகள் முதலில் பழுதாகின்றன. அவை போய் முடியும் இடம் கால்விரல். ஆரம்பத்தில் எரிச்சல், குத்தல், பஞ்சில் நடப்பது போன்ற மதமதப்பு. பிறகு ஒன்றுமே தெரியாது. எரிச்சல் நின்றதும் குணமாகிவிட்டது என்று சந்தோஷப்படுபவர்கள் உண்டு. அது குணமில்லை. திருடன் வந்தால் குரைக்க வேண்டிய நாய் செத்துக் கிடக்கிறது என்பதுதான் அந்த அமைதிக்கு அர்த்தம். செருப்புக்குள் கிடக்கும் சின்னக் கல், வெயிலில் கொதிக்கும் கோயில் பிரகாரம், நகம் வெட்டும்போது பட்ட வெட்டு எதுவும் தெரியாது.

நரம்பு கெட்டால் வலி மட்டும் போவதில்லை. வியர்வைச் சுரப்பிகளை இயக்கும் நரம்பும் கெடுவதால் தோல் வறண்டு வெடிக்கிறது. பாதத்தின் சின்னத் தசைகள் சூம்பி விரல்கள் கொக்கிபோல மடங்குகின்றன. அதனால் நடக்கும்போது முழுப் பாரமும் விரலடி மேட்டில் ஒரே இடத்தில் விழுகிறது. அங்கே தோல் தடித்துக் காய்ப்பு ஏறுகிறது. காய்ப்புக்கு அடியில் ரத்தம் கசிந்து, சதை நைந்து, ஒருநாள் காலுறையில் ஈரம் பட்ட பிறகுதான் அங்கே குழி விழுந்திருப்பது தெரியவருகிறது. இத்தோடு முழங்காலுக்குக் கீழே ஓடும் ரத்தக் குழாய்கள் அடைபட்டிருந்தால், ஆறுவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அங்கே போய்ச் சேராது. சர்க்கரை கூடிய ரத்தத்தில் வெள்ளை அணுக்களும் சரியாக வேலை செய்யாததால் கிருமி புகுந்து தசைநாண் வழியாக ஏறி எலும்பு வரை போகிறது.

சர்க்கரை நோயாளிகளில் 100 பேரை எடுத்தால், வாழ்நாளில் 19 முதல் 34 பேருக்குக் காலில் புண் வரலாம் என்று மருத்துவ உலகம் கணக்கிட்டிருக்கிறது. அந்தப் புண்களில் ஏறக்குறைய பாதியில் கிருமித் தொற்று ஏற்படுகிறது. ஆறிய புண்களிலும் 100-க்கு 40 ஒரே வருடத்துக்குள் திரும்ப வருகின்றன. அதனால், 'இந்த மருந்து போட்டு எனக்கு ஆறிவிட்டது' என்று ஒருவர் சொன்னால், அடுத்த ஆண்டும் ஆறியே இருந்ததா என்று கேட்பது தப்பில்லை.

இப்போது முதல் வேலை என்னவென்று பார்ப்போம். புண் மேல் பாரம் விழாமல் செய்வது, செத்த சதையை எடுப்பது, தொற்று இருந்தால் அதை அடக்குவது, ரத்த ஓட்டத்தை அளந்து குறைவிருந்தால் திறந்துவிடுவது, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது. இந்த ஐந்தும்தான் புண்ணை ஆற்றுகின்றன. மேலே தடவுவது எதுவாக இருந்தாலும் இவற்றுக்குப் பிறகுதான்.

ஐந்திலும் நம்மவர்கள் அதிகம் கோட்டை விடுவது முதலாவதில். வலி இல்லாததால் நடந்துகொண்டே இருப்பார்கள். பாரத்தை இறக்கினால் புண் ஆறும் என்ற அறிவில் நம் மண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் 1946 முதல் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதத்தில் வரும் புண்கள் கிருமி அரித்து வந்தவை அல்ல, உணர்ச்சியற்ற காலில் திரும்பத் திரும்பப் பாரம் விழுந்து வந்தவை என்று பார்த்துப் பார்த்துத் தெளிந்தவர். இலங்கையில் மில்ராய் பால் என்ற அறுவை நிபுணர் அதற்கு முன்பே இத்தகைய புண்களுக்கு மாவுக்கட்டுப் போட்டு நடக்கவிட்டு ஆற்றியிருக்கிறார். பிராண்ட் 1960-களில் அமெரிக்காவின் லூசியானாவுக்குப் போனபோது இந்த அறிவையும் கொண்டுபோய்ச் சர்க்கரை நோயாளிகளின் காலுக்குப் பொருத்தினார். பாதத்தோடு ஒட்டி வார்க்கும் அந்த மாவுக்கட்டு, பாரத்தை உள்ளங்கால் முழுவதற்கும் கெண்டைக்காலுக்கும் பகிர்ந்துவிடுகிறது. புண்ணில் பாரம் விழாத கால் தானாகவே ஆறத் தொடங்குகிறது. உலகின் எந்தக் களிம்பும் இதற்கு ஈடாகாது.

இனி சீனத்துக்குப் போவோம். சீன மருத்துவர்கள் இந்த நோயை நேற்று இன்று பார்த்தவர்கள் இல்லை. தீராத தாகம், அதிகச் சிறுநீர், உடல் மெலிவு ஆகியவற்றைச் சேர்த்து அவர்கள் 'சியாவ்கே' என்று பெயரிட்டார்கள். தாங் வம்சக் காலத்தில், 752-ஆம் ஆண்டில் வாங் தாவ் தொகுத்த பெரிய மருத்துவ நூலில், இந்த நோயாளிகளின் சிறுநீர் இனிக்கும் என்ற குறிப்பு இருக்கிறது. கால்விரல் கறுத்து அழுகி விழுவதற்கு 'துவோஜு' என்று தனிப் பெயரே உண்டு.

அவர்களுடைய மூல நூலான 'ஹுவாங்டி நெய்ஜிங்'கின் லிங்ஷு பகுதி ஏறக்குறைய 2,000 ஆண்டுப் பழமை கொண்டது. கால்விரலில் வரும் இந்தப் புண்ணைப் பற்றி அது என்ன சொல்கிறது தெரியுமா? சிவந்து கறுத்துப் போனால் உயிருக்கு ஆபத்து என்கிறது. சிகிச்சை செய்தும் தணியாவிட்டால் விரலைத் தாமதிக்காமல் வெட்டிவிடச் சொல்கிறது. வெட்டாவிட்டால் நோயாளி இறந்துவிடுவார் என்று எச்சரிக்கிறது. சீன வைத்தியத்தின் தாய் நூலே வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டச் சொல்கிறது. 'சீன வைத்தியத்துக்குப் போனால் கத்தியே வேண்டாம்' என்று விளம்பரம் செய்பவர்கள் தங்கள் மூல நூலையே படிக்காதவர்கள்.

அவர்கள் புண்ணைப் பார்க்கும் விதம் எப்படி? 'ச்சி' என்று அவர்கள் சொல்லும் உயிராற்றல் குன்றியிருக்கிறது. ஆற்றல் குன்றியதால் ரத்தம் தேங்கியிருக்கிறது. தேங்கிய இடத்தில் ஈரமும் சூடும் சேர்ந்து நஞ்சாகிறது. நோயாளியின் நாக்கின் நிறம், நாடியின் நடை, புண்ணின் தோற்றம் மூன்றையும் வைத்து இவற்றில் எது மேலோங்கியிருக்கிறது என்று தீர்மானிக்கிறார்கள். இது நவீன உடலியலின் மொழி இல்லை. நம் சித்த மருத்துவத்தின் வாதம், பித்தம், கபம்போல அதுவும் ஒரு தனிக் கணக்கு. ஆனால் அந்தக் கணக்கின் வழியாக அவர்கள் நடைமுறையில் ஒன்றைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள்: சிவந்து வீங்கிச் சீழ் வைத்த புண்ணுக்கும், வெளிறிப்போய் மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும் புண்ணுக்கும் ஒரே மருந்து ஆகாது.

சிவந்து வீங்கிய நிலைக்குப் பேர்போனது 'ஸிமியாவ் யோங்ஆன்' கஷாயம். 1846-இல் பாவ் சியாங்ஆவ் தொகுத்த கைமருந்து நூல் வழியாகப் பரவியது. நான்கே சரக்குகள்: ஜின்யின்ஹுவா என்ற பூமொட்டு, சுவான்ஷென் வேர், தாங்குய் வேர், நம் அதிமதுரத்தின் இனத்தைச் சேர்ந்த கன்சாவ். ஆனால் அளவு அதிகம். முதல் இரண்டும் தலா மூன்று லியாங், தாங்குய் இரண்டு, கன்சாவ் ஒன்று. லியாங் என்பது ஏறக்குறைய 30 கிராம் என்று வைத்தால் ஒருநாள் சரக்கே கால் கிலோவைத் தாண்டுகிறது. இன்று பல மருத்துவர்கள் குறைத்துக் கொடுக்கிறார்கள்.

இந்தச் சரக்கைக் காய்ச்சுவதும் நம் வீட்டுக் கஷாயம்போலத்தான். இரும்புப் பாத்திரம் கூடாது, மண்சட்டிதான். உலர்ந்த சரக்கைக் குளிர்ந்த தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைக்கிறார்கள். கொதி வந்ததும் தீயைக் குறைத்து இருபது முப்பது நிமிடம் விட்டு வடிக்கிறார்கள். அதே சரக்கில் மறுபடி தண்ணீர் விட்டு இன்னொரு முறை காய்ச்சி, இரண்டு வடிநீரையும் கலந்து காலையில் பாதி, மாலையில் பாதியாக வெதுவெதுப்பாகக் குடிக்கக் கொடுக்கிறார்கள். டிகாக்ஷன்போலக் கறுத்திருக்கும், வாடை வீடு முழுக்க நிற்கும். இந்த நிறத்தையும் வாடையையும் நினைவில் வையுங்கள், ஆராய்ச்சியைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

வெளிறிய, ஆறாத நிலைக்கு ஹுவாங்ச்சி என்ற வேரை முன்னிறுத்துகிறார்கள். 1830-இல் வாங் ச்சிங்ரென் எழுதிய நூலில் உள்ள 'பூயாங் ஹுவான்வூ' கஷாயத்தில் ஹுவாங்ச்சி மட்டும் நான்கு லியாங். மற்ற ஆறு சரக்குகளும் சிட்டிகை சிட்டிகையாகத்தான். பக்கவாதத்துக்காக அவர் வகுத்ததை இன்று சர்க்கரைக் காலுக்கும் தருகிறார்கள். பாதம் மரத்துப்போவதற்கு இன்னும் பழைய மருந்து ஒன்று உண்டு. ஹான் வம்சக் காலத்து மருத்துவர் ஜாங் ஜோங்ஜிங்கின் நூலில் வரும் அதில் ஹுவாங்ச்சி, லவங்கப்பட்டை இனத்துக் குச்சி, இஞ்சி, இலந்தைப்பழம், பியோனி வேர் என்று ஐந்து பொருள்.

மேலே போடும் மருந்துகளில் புகழ்பெற்றது மிங் வம்சத்து அறுவை மருத்துவர் சென் ஷிகோங் 1617-இல் எழுதிய நூலில் உள்ள சிவப்புக் களிம்பு. 'ஷெங்ஜி யூஹோங் காவ்' என்பது அதன் பெயர். செத்த சதையைக் கழித்துப் புதுச் சதையை வளர்ப்பது என்பதே அந்தக் களிம்பின் நோக்கம். தாங்குய், சிவப்புச் சாயம் இறங்கும் ஒரு வேர், ரத்த நிறப் பிசின், மெழுகு எல்லாம் நல்லெண்ணெயில் காய்ச்சப்படுகின்றன. கூடவே பாதரச உப்பும் சேர்கிறது. இந்தக் கடைசிச் சரக்குக்குப் பிறகு வருகிறேன்.

இன்று சீனாவின் பாரம்பரிய மருத்துவமனைகளில் சர்க்கரைக்கால் வார்டு எப்படி இருக்கிறது என்பதை நம்மவர்கள் பலரும் தவறாகக் கற்பனை செய்கிறார்கள். அங்கே மூலிகை மட்டும் இல்லை. இன்சுலின் ஊசி உண்டு, கிருமியைச் சோதித்துப் பார்த்துக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் உண்டு, அடைபட்ட குழாயைப் பலூன் விட்டுத் திறப்பதும் உண்டு. அவற்றோடுதான் கஷாயம். புண்ணைச் சுத்தம் செய்வதிலும் அவர்களுக்கு ஒரு பொறுமையான முறை இருக்கிறது. பட்டுப்புழு இலையைக் கடிப்பதுபோல என்று அவர்களே பெயர் வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டி எறிவதில்லை. ஒவ்வொரு முறை கட்டு மாற்றும்போதும் கத்தரிக்கோலால் தளர்ந்து வந்த மஞ்சள் நார், கறுத்த ஓரம் ஆகியவற்றை மட்டும் எடுக்கிறார்கள். இளஞ்சிவப்புச் சதை எட்டிப் பார்க்கும் இடத்தைத் தொடுவதில்லை. களிம்பு தோய்த்த காஸ் துணியைக் குழிக்குள் மெல்ல வைத்து மூடுகிறார்கள். ரத்த ஓட்டம் மோசமான காலில் ஒரேயடியாக வெட்டினால் வெட்டின ஓரமே அழுகும் என்பதால் இந்த நிதானம். ஆனால் சீழ் உள்ளே தேங்கியிருந்தால் இந்த நிதானத்துக்கு இடமில்லை. அன்றே திறந்து வடிக்க வேண்டும்.

ஷாங்ஹாயில் ரத்தக்குழாய் நோய்களுக்கென்றே வாழ்ந்த ஷீ ஜியூயீ என்ற மருத்துவர் இதில் முக்கியமான ஒன்றைக் கவனித்தார். சில நோயாளிகளுக்குப் பாதத்தில் நாடி நன்றாகவே துடிக்கிறது, ஆனாலும் கால் வீங்கி அழுகுகிறது. திறந்து பார்த்தால் உள்ளே தசைநாண்கள் நைந்து கஞ்சியாகிக் கிடக்கின்றன. இவர்களுக்கு ரத்த ஓட்டத்தைத் தூண்டும் மருந்து பயன்படாது, நைந்த நாண்களை எடுத்தாக வேண்டும் என்று அவர் வகுத்தார். நல்ல சீன மருத்துவர் கையில் கத்தியும் இருக்கும் என்பதற்கு அவர் சாட்சி.

சரி, இவற்றுக்கு ஆதாரம் எவ்வளவு? சீன மொழியில் ஏராளமான ஆய்வுகள் வெளிவந்திருக்கின்றன. பெரும்பாலானவை மூலிகை சேர்த்துக்கொண்டவர்களுக்கு நல்ல பலன் கிடைத்ததாகவே சொல்கின்றன. ஆனால் அவற்றில் மூன்று ஓட்டைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. முதலாவது, பங்கேற்றவர்களின் எண்ணிக்கை சிறியது. இரண்டாவது, யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரிந்துவிடுகிறது. அந்தக் கறுத்த நிறமும் வாடையும் உள்ள கஷாயத்துக்குப் போலி தயாரிப்பது எளிதல்லவே! மூன்றாவது, பலனைக் கணக்கிடும் முறை. முழுக்க ஆறியவர், பாதி ஆறியவர், கொஞ்சம் தேறியவர் எல்லோரையும் ஒன்றாகக் கூட்டி 'பலன் கண்ட விகிதம்' என்று ஒரே எண்ணாகப் போடுகிறார்கள். நமக்குத் தெரிய வேண்டியது வேறு: புண் முழுக்க மூடியதா, கால் தப்பியதா, மறுபடி வராமல் இருந்ததா?

நரம்பு மரப்புக்கான சீன மூலிகைகளைப் பற்றி, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 2013-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 49 ஆய்வுகளை, 3,600-க்கும் அதிகமான நோயாளிகளை எடுத்துச் சலித்துப் பார்த்தது. முடிவு: தரமான ஆய்வு ஒன்றுகூட இல்லாததால் பலனையும் பாதுகாப்பையும் உறுதிசெய்ய முடியவில்லை. மருந்து பொய் என்று அது சொல்லவில்லை. நம்பிக்கையோடு கையில் எடுத்துக் கொடுக்கும் அளவுக்கு நிரூபணம் இல்லை என்றுதான் சொன்னது.

நேர்மையாகத் தேடியவர்களும் உண்டு. ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தில் எலும்பு அறுவை நிபுணரான லியூங் பிங்-சுங், காலை எடுக்க வேண்டும் என்ற நிலையில் இருந்த சர்க்கரை நோயாளிகளுக்கு வழக்கமான சிகிச்சையோடு மூலிகையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். பல சரக்குகள் கொண்ட கஷாயத்தில் எது உண்மையில் வேலை செய்கிறது என்று அவருடைய குழு ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தது. கடைசியில் நின்றவை இரண்டு: ஹுவாங்ச்சியும் தீஹுவாங் கிழங்கும், இரண்டுக்கு ஒன்று என்ற அளவில். பழைய மருந்தை மதிக்கும் சரியான வழி இதுதான்.

நமக்கு இன்னும் நெருக்கமான கதை தைவானில் நடந்தது. அங்கே உருவான ஒரு களிம்பு 236 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, முடிவுகள் 2021-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழ் ஒன்றில் வெளியாயின. தைவான், சீனா, அமெரிக்கா மூன்று இடங்களிலும் நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். 16 வாரத்துக்குள் புண் முழுக்க மூடியவர்கள் களிம்பு போட்டவர்களில் 60.7 சதவீதம், ஈரம் உறிஞ்சும் நவீனக் கட்டு மட்டும் போட்டவர்களில் 35.1 சதவீதம். அதே ஆண்டு தைவான் அரசு அதற்கு அனுமதி கொடுத்தது. அந்தக் களிம்பின் இரண்டு மூலிகைகள் என்னென்ன தெரியுமா? கற்பூரவல்லியும் வல்லாரையும். நம் வீட்டுத் தொட்டியில் இருக்கிற அதே செடிகள்.

இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையை விடப் பயமே அதிகம். இதைப் படித்துவிட்டு யாராவது கற்பூரவல்லி இலையைக் கசக்கிப் புண்ணில் பிழிந்துவிடக் கூடாது. தைவான் களிம்பில் இருப்பது இலைச்சாறு இல்லை. இலையிலிருந்து பிரித்தெடுத்துச் சுத்திகரித்த சாரம், அளவு நிர்ணயித்து, கிருமி இல்லாமல் தயாரித்தது. புண்ணில் அழற்சியைக் கிளப்பும் தற்காப்பு அணுக்களைக் கட்டுப்படுத்தி, சதையை வளர்க்கும் அணுக்களுக்கு வழிவிடுவதாக அதன் செயல்முறை விளக்கப்படுகிறது. சோதனையில் சேர்க்கப்பட்டவையும் ஆழமாக அழுகிய கால்கள் இல்லை. எலும்பை எட்டாத புண்கள். தொட்டிச் செடியில் மண்ணும் கிருமியும் இருக்கும். திறந்த புண்ணில் அது விஷம். சர்க்கரைக்காலுக்கான சர்வதேசப் பணிக்குழுவும் தன் 2023 வழிகாட்டியில், புண் ஆறுவதற்கென்று மூலிகை கலந்த கட்டுகளைப் பயன்படுத்த வேண்டாம் என்றே ஆலோசனை சொல்கிறது. ஒரு நல்ல ஆய்வு நம்பிக்கை தரும். இன்னும் சில ஆய்வுகள் வந்து அதையே சொன்னால்தான் வழிகாட்டி மாறும்.

ஆபத்துகளைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். அந்தச் சிவப்புக் களிம்பின் பாதரசத்தை முதலில் எடுப்போம். பழைய சூத்திரப்படி செய்த களிம்பையோ, பாதரசம் கலந்த பொடியையோ அகலமான திறந்த புண்ணில் வாரக்கணக்கில் போட்டால் பாதரசம் உடம்புக்குள் இறங்கும். சர்க்கரை நோயாளிக்கு ஏற்கெனவே தளர்ந்திருக்கும் சிறுநீரகம் அதைத் தாங்காது. சிறுநீரகத்தை அழிக்கும் வேறொரு மூலிகைக் குடும்பமும் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைப்பதற்காகச் சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பழுதானது. ஒரு மூலிகைக்குப் பதிலாகப் பெயர் ஒத்த இன்னொன்று கலந்துபோனதே காரணம். அதில் இருந்த அரிஸ்டோலோக்கிக் அமிலம்தான் நஞ்சு.

அடுத்தது, கலந்து சாப்பிடுவதில் உள்ள சிக்கல். கால் ரத்தக்குழாய் அடைப்புள்ளவர்கள் ஆஸ்பிரினோ, குளோபிடோக்ரெலோ, சிலர் வார்ஃபரினோ சாப்பிடுவார்கள். தாங்குய் வேரும், தான்ஷென் என்ற இன்னொரு வேரும் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டி ரத்தக்கசிவை உண்டாக்கக்கூடியவை. அதிமதுரம் தொடர்ந்து சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். சீனாவில் பரவலாக விற்கும் 'சியாவ்கே வான்' என்ற சர்க்கரை மாத்திரையில் மூலிகைகளோடு கிளிபென்கிளமைடு என்ற அலோபதி மருந்தும் அதிகாரபூர்வமாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. ஓர் உருண்டைக்கு 0.25 மில்லிகிராம். பத்து உருண்டை விழுங்கினால் 2.5 மில்லிகிராம் மாத்திரை சாப்பிட்டதற்குச் சமம். மூலிகைதானே என்று நினைத்துத் தன் வழக்கமான மாத்திரையோடு சேர்த்து விழுங்குபவருக்கு ராத்திரியில் சர்க்கரை தடாலென இறங்கி மயக்கம் வரலாம்.

மூன்றாவது ஆபத்து சூடு. மூலிகை வெந்நீரில் காலை ஊறவைப்பதும், மூலிகைப் புகை காட்டுவதும், மோக்ஸா என்ற உலர்ந்த இலையைக் கொளுத்தித் தோலுக்கு அருகில் பிடிப்பதும் சீன மருத்துவத்தில் சாதாரணம். உணர்ச்சி மரத்த காலுக்கு இவை மூன்றும் கூடாதவை. தண்ணீர் கொதிக்கிறது என்பது அந்தக் காலுக்குத் தெரியாது. வெளியே எடுக்கும்போது தோல் வழன்றிருக்கும். காலைக் கழுவும் தண்ணீரே 37 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பதுதான் சர்வதேச வழிகாட்டி. அதையும் முழங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும், காலால் அல்ல. அதேபோல் ரத்த ஓட்டம் குறைந்த, புண் உள்ள காலில் அக்குபங்சர் ஊசியும் வேண்டாம்; ஊசி குத்திய இடமே அடுத்த புண்ணாகலாம்.

இவ்வளவையும் கேட்ட பிறகும் துணைக்கு ஒரு சீன மருந்தை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று வீட்டில் முடிவெடுத்தால், நான் தடுக்க மாட்டேன். வழியை மட்டும் சொல்கிறேன். முதலில் கால் நோய் பார்க்கும் டாக்டரிடம் போய் இரண்டு சோதனைகளை முடித்துவிடுங்கள். ஒன்று உணர்ச்சிச் சோதனை. மெல்லிய நைலான் இழை ஒன்றை உள்ளங்காலில் வைத்து அது வளையும் வரை அழுத்துவார்கள். வளைந்தால் பத்து கிராம் எடைக்குச் சமமான அழுத்தம். கண்ணை மூடிக்கொண்டிருக்கும் நோயாளி 'தெரிகிறது' என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்தக் கால் காவலற்ற கால். இன்னொன்று கணுக்காலிலும் கால்விரலிலும் ரத்த அழுத்தத்தை அளக்கும் சோதனை.

அதற்குப் பிறகு சீன மருத்துவரைப் பார்ப்பதானால் பதிவு பெற்றவரைப் பாருங்கள். சிங்கப்பூரில் 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்களுக்குப் பதிவு கட்டாயம். பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் சீட்டையும் அவரிடம் காட்டுங்கள். அவர் கொடுக்கும் சரக்குகளின் பெயர்களை எழுதி வாங்கிச் சர்க்கரை டாக்டரிடமும் காட்டுங்கள். பெயர் சொல்லாத பொடி, லேபிள் இல்லாத களிம்பு இரண்டையும் வீட்டுக்குள் விடாதீர்கள். சிறுநீரகச் சோதனையையும் பொட்டாசியத்தையும் இடையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு கெடுவும் வையுங்கள். முதல் நாளே புண்ணின் அளவை ஒரு பிளாஸ்டிக் தாளில் பேனாவால் சுற்றி வரைந்து தேதி போட்டு வைக்கச் சொல்லுங்கள். நான்கு வாரத்தில் பரப்பு பாதியாகக் குறையாத புண், அதே வழியில் போனால் பெரும்பாலும் ஆறுவதில்லை. அப்போது சிகிச்சையை மாற்ற வேண்டும். இன்னும் ஒரு மாதம் பார்ப்போம் என்று கஷாயத்தோடு உட்கார்ந்திருக்கக் கூடாது. அதற்கு முன்பே சிவப்பு பரவினாலோ, துர்நாற்றம் வந்தாலோ, விரல் கறுத்தாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். விடியட்டும் என்று காத்திருப்பது காலை விலையாகக் கேட்கும்.

புண் இன்னும் வராதவர்களுக்கும் ஒரு வார்த்தை. இன்று ராத்திரி படுக்கும் முன் விளக்கடியில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும், விரல் இடுக்குகளையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் ஒரு கண்ணாடியைத் தரையில் வையுங்கள், அல்லது பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்குள்ளும் செருப்புப் போடுங்கள். போடும் முன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். கால் ஆணியை நீங்களே பிளேடு வைத்துச் சீவாதீர்கள். காலில் புண் என்று தெரிந்தால் முதலில் டாக்டர், பிறகு எது வேண்டுமானாலும். இந்த வரிசையை மாற்றாத குடும்பங்களில்தான் கால்கள் தப்புகின்றன.